டாக்டர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்

பகலிற் கல்வியும் இரவில் ஊழியமுமாகக் காலங்கழித்துப் பட்டம் பெறும் மாணாக்கர் எக்காலத்தும் உண்டு. வைத்தியக் கல்வியோ நெடியது, பொருட்செலவு மிக்கது. ஆதலின் ஒரு பட்டம் பெற்றபின் மேலும் கற்க விழைவோர், முன் கற்ற தொழிலைக் கொண்டே பின் கற்கும் கல்விக்குப் பொருள் தேடுவர். பல் வைத்தியத்தில் தேர்ந்தோர் சிலர் அத்தொழிலால் ஈட்டிய ஊதியத்தைக் கொண்டு சத்திர சிகிச்சை பயில்வது மேனாடுகளில் நாம் கேள்வியுறும் செய்தியே. ஆனால், கையில் வைத்தியப் பட்டம் இருந்தும் அதனால் ஒரு காசும் ஈட்ட இயலாத தேசத்தில், நோயாளரின் மலப்பாத்திரங்களைத் துப்புரவு செய்து கல்வியைத் தொடர்ந்த ஒருவர் வரலாற்றை ஈண்டு உரைக்க விரும்புகின்றோம். அவரே டாக்டர் யெல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

இவர் 1895-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் பிறந்தார். குடும்பமோ வறுமையுற்றது. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையில் பயின்று மூன்றாம் முறை தேறினார். தாயார் தம் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார் என்பர். பின்னர் இராஜதானிக் கலாசாலையிலும் சென்னை வைத்தியக் கலாசாலையிலும் கற்றார். காந்தியடிகளின் அறைகூவலுக்கிணங்கிக் கதர் அங்கி அணிந்தமையால் சத்திர சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம். பி. பி. எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல். எம். எஸ். பட்டமே பெற்றார். அரசாங்க வைத்திய உத்தியோகமும் கிட்டிற்றில்லை. சென்னை ஆயுர்வேதக் கலாசாலையில் உடற்கூற்று நூல் கற்பிக்கும் ஆசிரியராய் அமர்ந்தார்.

1921-ம் வருஷத்தில் இவருடைய சகோதரர் இருவர் கிரகணி நோயால், சில நாள் இடையிட்டு, ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். அந்நோய்க்கு மருந்தறியாத தம் கல்வி குறையுடையதென்று சுப்பாராவ் உணர்ந்தார். மாமனாரின் உதவியும் காக்கிநாடாவிலுள்ள தருமஸ்தாபனம் ஒன்றின் உதவியும் பெற்று, 1922-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டு சர்வகலாசாலையின் உஷ்ணதேச வைத்தியப் பள்ளியிற் சேர்ந்தார்.

கொண்டு சென்ற பொருள் போதவில்லை. அந்நாட்டில் வைத்தியம் புரிய அனுமதியும் இல்லை. ஆகவே பீட்டர் பென்ட் பிரிகாம் என்னும் வைத்தியசாலையில் இரவுநேரப் பணியாளராக அமர்ந்தார். சென்னையில் மாணாக்கர் எழுந்து நின்று வணங்கிய ஆசிரியர், பாஸ்டனில் இரவெல்லாம் கழிகலங்களைச் சுமந்தார். பொழுது விடிந்ததும் மீண்டும் மாணாக்கரானார். தாழ்ந்த வேலையென்று அவர் அதனைத் தள்ளினாரில்லை. அனுமதியின்றி மறைவாக வைத்தியம் பார்த்துப் பொருள் தேடவும் எண்ணினாரில்லை. இவ்விரண்டனுள் பின்னதே அரிய குணம் என்பது நம் கருத்து.

பின்னர் ஸைரஸ் பிஸ்கே என்னும் ஆசிரியரோடு சேர்ந்து உயிர் இரசாயனத்தில் ஆராய்ச்சி செய்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்வர அளவைக் காணும் முறையொன்றை இருவரும் 1925-ல் வெளியிட்டனர். தசை இயங்குதற்கு வேண்டும் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பொருளாகிய பாஸ்போகிரியேட்டினை 1927-லும், ஏ. டி. பி. என்னும் பொருளை 1929-லும் அறிவித்தனர். எனினும் ஹார்வர்டில் நிலையான ஆசிரிய பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துச் சாலையின் ஆராய்ச்சிப் பகுதியை அடைந்தார். அங்கே அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கி 1945-ல் வெளியிட்டனர். சகோதரரைக் கொன்ற கிரகணிக்கு அது நற்பயன் அளித்தது. 1948-ல் வெளிவந்த ஆரியோமைஸின் என்னும் மருந்தும் அவர் மேற்பார்வையில் கண்டதேயாகும்.

1947-ல் வெளிவந்த ஹெட்ரஸான் என்னும் மருந்தோ நம் செங்கற்பட்டு நாட்டிற்கு மிகவும் உரியது. கொசுவினாற் பரவும் யானைக்கால் நோயின் நுண்புழுக்களை அழிப்பது அது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் முதலிய ஊர்ப்புறங்களில் வீங்கிய காலை இழுத்து நடப்போரைக் காண்பது முன்னாளில் அரிதன்று. பிற்காலத்தில் அரசாங்கத்தார் வீடுதோறும் வழங்கிய மாத்திரை, பாஸ்டனில் கழிகலம் சுமந்த அவ்விளைஞரின் குழுவினர் கண்டதே.

இப்பெருமைக்கு அவர் தந்த விலையையும் மறைத்தல் தகாது. மனைவியார் சேஷகிரி அம்மையார் தாய்நாட்டிலேயே காத்திருந்தார். அவர் கப்பலேறிய பின் பிறந்த ஆண்மகவு, தந்தை முகம் காணாமலே இறந்தது. சுப்பாராவ் இந்தியாவுக்கு மீளவேயில்லை. 1948-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஐம்பத்து மூன்றாம் வயதில், நியூயார்க் இராச்சியத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். கல்விக்காகப் பிரிந்த இல்லறம் கல்வியாலே ஈடு செய்யப்பட்டதென்று நாம் சொல்லத் துணியோம்.

வேடந்தாங்கல் ஏரிக்குப் பருவந்தோறும் வரும் பறவைகள், தம் எச்சத்தால் நீரை உரமாக்கிக் கழனிகளை வளப்படுத்திப் பின் அகல்கின்றன. அதனாலன்றோ அவ்வூரார் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர்! சுப்பாராவ் மீளாவிடினும், அவர் அறிவின் பயன் நம் ஊர்களை வந்தடைந்தது. நம் கலாசாலையினின்றும் அயல்நாடு செல்லும் இளைஞர், இரவில் எவ்வேலை செய்ய நேரினும் நாணாதொழிக. தமக்கு உரிமையில்லாத தொழிலைப் பொருளாசையால் கைக்கொள்ளாதொழிக. வீட்டிற் காத்திருப்போரை மறவாதொழிக.