ஓய்வெடுக்கப் போன இடத்தில் எழுப்புதல்!



ஊழியத்தில் ஓடி ஓடி, எதற்காக ஓடுகிறோம் என்பதே மறந்துபோன நாட்கள் எனக்கு உண்டு. வாரம் முழுக்க கூட்டம், முழங்கால் மட்டும் தரையில் படாது. அந்த நாட்களில்தான் தேவமனிதர் டி. எல். மூடியின் சரித்திரம் கையில் கிடைத்தது. ஆண்டவர் என்னோடு பேசினார்.

மூடி 1837-ல் அமெரிக்காவின் நார்த்ஃபீல்டு ஊரில் பிறந்தார். நாலு வயதில் தகப்பனை இழந்தவர். படிப்பும் அதிகமில்லை. பாஸ்டனில் தாய்மாமன் செருப்புக் கடையில் வேலை செய்தபோது, 1855-ல் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் எட்வர்ட் கிம்பல் கடைக்கே தேடிவந்து பேச, இரட்சிக்கப்பட்டார். பிறகு சிகாகோவில் நல்ல வியாபாரம். 1860-ல் அதையும் விட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி, சபை, ஒய்.எம்.சி.ஏ., கட்டிட நிதி... ஓய்வே கிடையாது!

அவர் கூட்டத்துக்கு வரும் இரண்டு சகோதரிகள், அவருக்குப் பரிசுத்த ஆவியின் வல்லமை வேண்டும் என்று ஜெபித்தார்கள். ஜனங்களுக்காக ஜெபிக்காமல் எனக்காக ஏன் என்று முதலில் அவருக்குப் பிடிக்கவே இல்லை. போகப்போக உள்ளுக்குள் தாகம் உண்டாயிற்று.

1871 அக்டோபர் 8-ல் சிகாகோவில் பெரிய தீ. சபையும் போச்சு, வீடும் போச்சு. கட்டிடத்துக்குப் பணம் சேர்க்க நியூயார்க் போனார். மனசு அதில் இல்லை. அந்தப் பட்டணத்தில்தான் தேவ அன்பு அவர்மேல் ஊற்றப்பட்டது. தாங்க முடியாமல், ஆண்டவரே போதும் என்று கெஞ்சும் அளவுக்கு நிரம்பினார். அல்லேலூயா!

இனி இன்னும் வேகமாக ஓடுவார் என்றுதானே நினைப்போம்? இல்லீங்க. 1872-ல் பிரசங்கமே பண்ணுவதில்லை, வேதம் கற்றவர்கள் காலடியில் உட்கார்ந்து கேட்பேன் என்று தீர்மானித்து இங்கிலாந்து போனார்.

லண்டனில் ஒரு போதகர் விடாமல் கேட்டதால் ஒரு ஞாயிறு மட்டும் சம்மதித்தார். காலை ஆராதனை ஒரே குளிர்ச்சி. மாலையில் ஆண்டவரை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் எழும்பச் சொன்னால், எல்லாப் பக்கமும் ஜனங்கள் எழும்புகிறார்கள்! தப்பாகப் புரிந்துகொண்டார்களோ என்று அவரே திகைத்தார். டப்ளினுக்குப் போனவரைத் திரும்ப அழைத்தார்கள். பத்து நாள் கூட்டத்தில் சுமார் 400 பேர் அந்தச் சபையில் சேர்ந்தார்கள்.

காரணம் என்ன தெரியுமா? மேரியான் ஆட்லார்ட் என்ற வியாதிப்பட்ட சகோதரி. சபைக்கு வர முடியாமல் வீட்டில் படுத்திருந்தவர். பத்திரிகையில் மூடியைப் பற்றி வாசித்து, இவரை எங்கள் சபைக்கு அனுப்பும் என்று ஜெபித்துக்கொண்டே இருந்தார்.

இங்கேதான் நான் உடைந்தேன். பிரசங்கியார் ஓய்வெடுக்க வந்தவர். ஜெபித்தவரோ படுக்கையில். ஆனாலும் அறுவடை நடந்தது! நான் ஓடினால்தான் தேவனுடைய வேலை ஓடும் என்ற பெருமை அன்றைக்கே போயிற்று. கொஞ்ச நாள் எல்லாக் கூட்டங்களையும் நிறுத்திவிட்டு, வேதத்தோடும் ஜெபத்தோடும் மட்டும் உட்கார்ந்தேன். எதற்காக அழைத்தார் என்பதை மறுபடியும் காட்டினார்.

மூடிக்கோ, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அங்கேதான் தெளிவு கிடைத்தது. 1873-ல் பாடகர் சாங்கியோடு மறுபடியும் போனார். 1875 வரை பிரிட்டனும் அயர்லாந்தும் அசைந்தன. 1899 டிசம்பர் 22-ல் மகிமையில் பிரவேசித்தார்.

பிரியமானவர்களே, சீஷர்களையும் ஆண்டவர் தனியே இளைப்பாற அழைத்தாரே (மாற்கு 6:31). களைத்துப்போய் ஓடுகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். அவர் பாதத்தில் உட்காருங்கள். மறுபடியும் அனுப்புவார். ஆமென்.