வழிப்பறி ஆசாமியை மடக்கிய கராத்தே கிழவர் வெட்கப்பட்டார்!

கடலூரிலும் சிதம்பரத்திலும் வெள்ளை உடுப்பு, கலர் பெல்ட்டோடு பிள்ளைகள் கராத்தே பழகுவதைப் பார்க்கலாம். நாலு பேரை அடிக்கலாம் என்ற ஆசையில் சேருகிற பையன்களும் உண்டு. இந்த வித்தையை ஜப்பான் முழுக்கப் பரப்பிய வாத்தியார் கிச்சின் ஃபுனகோஷிக்கு அந்த ஆசையே பிடிக்காது.

1868-ல் ஒகினாவா தீவில் ஷூரி என்ற ஊரில் பிறந்தவர். குறைமாதப் பிள்ளை, நோஞ்சான். உடம்பு தேறினால் போதும் என்றுதான் கராத்தே பக்கம் போனார். அசாட்டோ, இட்டோசு என்று இரண்டு குருமார்கள். அப்போது அது ரகசிய வித்தை. பயிற்சி எல்லாம் ராத்திரியில்தான்.

குடுமி ரகளை

டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டார். குடுமி வைத்தவர்களுக்கு அங்கே இடமில்லை. குடுமியை எடுக்க வீட்டில் விடவில்லை. டாக்டர் கனவு போச்சு! பிறகு பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்காக அதே குடுமியை எடுத்தார். அதைப் பார்த்த தாயார் கோபித்துக்கொண்டு கொல்லைப்புறமாகவே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

1922-ல் கல்வி இலாகா நடத்திய கண்காட்சியில் கராத்தே செய்து காட்ட டோக்கியோ போனார். ஜூடோவை உருவாக்கிய கானோவே கூப்பிட்டுப் பார்த்தார். சில நாளில் திரும்புவதாக இருந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். வயது 50-க்கு மேல். மனைவி ஊரில். கையில் காசில்லை.

ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் சின்ன அறை. பகலில் வாசல் பெருக்கி, தோட்டம் பார்த்து, வாட்ச்மேன் வேலையும் செய்தார். சமையல்காரருக்கு கராத்தே சொல்லிக்கொடுத்து சாப்பாட்டுப் பணத்தில் கழித்துக்கொண்டார் என்றால் பாருங்கள்!

பிறகு கல்லூரிகள் எல்லாம் கூப்பிட்டன. 'சீனக் கை' என்று எழுதப்பட்ட கராத்தேயை 'வெறுங்கை' என்று எழுத வைத்தவர் இவர்தான். சிஷ்யர்கள் அவருக்கு ஷோட்டோகான் என்ற பயிற்சிக்கூடமே கட்டிக் கொடுத்தார்கள். 1945-ல் குண்டு வீச்சில் அது அழிந்தது. அதே ஆண்டு மகன் கிகோவும் போய்விட்டார். 1947-ல் மனைவியும்.

இருட்டில் பாய்ந்தான்

யுத்தம் முடிந்த சமயம். 80 வயதை நெருங்கிய கிழவர் ராத்திரி தனியாக வந்துகொண்டிருந்தார். இருட்டில் ஒருவன் பாய்ந்தான். கிழவர் குனிந்தார், அவன் உயிர்நிலையைப் பிடித்து நெருக்கினார். அலறல்! ரோந்து போலீஸ்காரர் வந்ததும் ஒப்படைத்துவிட்டு நடந்தார்.

நம்ம ஊராக இருந்தால் மாலை போட்டு போட்டோ பிடித்திருப்போம். அவரோ, தானே கை வைத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டார். அவன் யுத்தத்திலிருந்து திரும்பி வேலையில்லாமல் அலைகிறவனாக இருக்கும் என்று பரிதாபமும் பட்டார்.

1957 ஏப்ரல் 26-ல், 88-வது வயதில் காலமானார். காமகுரா நகரக் கோயிலில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. கராத்தே படித்தவன் முதலில் கை ஓங்கக்கூடாது என்ற அவருடைய விதியைத்தான் அதில் செதுக்கியிருக்கிறார்கள்.