நூர் இனாயத் கான்

தில்லி நிசாமுதீன் பகுதியில் இனாயத் கான் என்னும் சூஃபி ஞானியின் அடக்கத்தலம் உள்ளது. திப்பு சுல்தானின் வழிவந்த அவர், பரோடாவில் பிறந்த இசைவல்லுநர். அவருடைய மூத்த மகளே நூர். 1914ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்த நூர், பாரிசு நகரை அடுத்த ஊரில் வளர்ந்தார். வீணை மீட்டக் கற்றார். புத்த சாதகக் கதைகள் இருபதைச் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதி 1939இல் வெளியிட்டார்.

மறு ஆண்டு செருமானியப் படை பிரான்சைக் கைப்பற்றியது. இங்கிலாந்து சென்ற நூர், விமானப்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி அனுப்பப் பயின்றார். 1943 சூன் மாதத்தில் பகைவர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் இரகசியமாக அனுப்பப்பட்டார். அங்குத் தந்திப் பணிக்கென்று இங்கிலாந்து அனுப்பிய முதற்பெண் அவரே.

அவர் பாரிசிலிருந்து அனுப்பிய செய்தி இலண்டனுக்கு வான்வழியே சென்றது. வான்வழிச் செய்தியைப் பகைவரும் கேட்கலாம் அல்லவா? ஆதலால் ஒவ்வொரு செய்தியும் சங்கேத எழுத்துகளாக மாற்றப்பட்டது. திறவுகோல் அறியாதவருக்கு அது பொருளற்ற எழுத்துக்கூட்டமே. ஆயினும் சங்கேதம் செய்தியின் பொருளை மறைக்குமேயன்றி, அது புறப்படும் இடத்தை மறைக்காது. இடத்தைக் கண்டறியும் கருவிகள் பொருத்திய வண்டிகள் நகரெங்கும் சுற்றின. ஏறத்தாழ பதினைந்து கிலோ எடையுள்ள கருவியைப் பெட்டியில் சுமந்துகொண்டு நூர் வீடு வீடாக மாறினார். சில நாள்களிலேயே தோழர் பலர் சிறைப்பட்டனர். திரும்பி வருமாறு இலண்டன் அழைத்தும், தந்தி அனுப்ப வேறு எவரும் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார்.

அக்டோபரில் ஒருவர் பணத்திற்காக நூரைக் காட்டிக்கொடுத்தார். விசாரணையில் அவர் எதையும் வெளியிடவில்லை. ஆனால் அவர் அறையில் கருவியோடு ஒரு குறிப்பேடும் சிக்கியது. அனுப்பிய செய்திகள் அனைத்தையும் அவர் அதில் எழுதி வைத்திருந்தார். செய்திகளைக் கவனமாகப் பேணுக என்ற ஆணையை அவர் தவறாகப் புரிந்துகொண்டதாகச் சிலர் கருதுவர்.

அக்குறிப்பேட்டைக் கொண்டு செருமானியர் நூர் எழுதுவது போலவே செய்திகளை அனுப்பினர். சங்கேதம் சரியாக இருந்தது. ஆகவே அனுப்பியவரும் நூரே என்று இலண்டன் நம்பியது. ஐயங்கொள்ள இடமிருந்தும் நம்பியது! அதனை நம்பி 1944இல் விமானத்திலிருந்து குதித்த வீரர் சிலர், தரையில் காத்திருந்த பகைவரிடம் சிக்கினர்.

நூரோ கூரைவழியே தப்ப முயன்று பிடிபட்டார். இனித் தப்ப முயலேன் என்று கையொப்பமிடுமாறு கேட்டனர், அவர் இசையவில்லை. செருமனிக்குக் கொண்டுசென்று பல மாதங்கள் விலங்கிட்டுத் தனிமைச் சிறையில் வைத்தனர். 1944 செப்டம்பர் 13 அன்று, தாக்காவு முகாமில் சுட்டுக்கொன்றனர். அப்போது அவருக்கு வயது முப்பது. 1949இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருதை அளித்தது.