ஆழிக்குமரன் செலுத்திய விலை

யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறை, கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை சென்றடைந்தது. அந்த ஊரில் 1943-இல் பிறந்தவர் குமார் ஆனந்தன். சட்டம் பயின்றவர், ஆனால் தமிழர்கள் அவரை ஆழிக்குமரன் என்றே அறிவார்கள்.

பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தவர் அவரல்லர். பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-லேயே அதைச் செய்துவிட்டார். ஆனந்தன் 1971-இல் இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்தி, அதோடு நில்லாமல் திரும்பியும் நீந்தினார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு பகலும் இரண்டு இரவும் உறக்கமின்றி, உப்புநீரில். கின்னஸ் புத்தகம் அதைப் பதிவு செய்தது.

அதன்பின் அவர் செய்தவை பலருக்கும் விந்தையாகத் தோன்றும். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். 128 மணி நேரம் இடைவிடாது ட்விஸ்ட் நடனம் ஆடினார். 1981-இல் சென்னை மெரினாவில் உள்ள அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் நீரில் மிதந்தபடியே இருந்தார். அன்று மாணவனாக இருந்த எனக்கு இவையெல்லாம் வேடிக்கையாகவே பட்டன.

இப்போது ஒரு பொருளியல் ஆசிரியனாக வேறு விதமாகப் பார்க்கிறேன். முதலீடு குறைந்த நாடு உழைப்பு மிகுந்த தொழிலைத் தேர்ந்தெடுக்கும் என்று வகுப்பில் பல்லாண்டுகள் சொல்லியிருக்கிறேன். பத்து மீட்டர் மேடையிலிருந்து பாயும் விளையாட்டுக்கு மேடை வேண்டும், ஆழமான தடாகம் வேண்டும், பயிற்றுநர் வேண்டும். குமணன்சாவடியில் என் தெருவில் நீந்தத் தெரிந்த முதியவர்கள் எல்லோரும் கிணற்றிலும் ஏரியிலும் கற்றவர்கள். அவர்களில் எவரும் அப்படியொரு மேடையில் ஏறியதில்லை. ஆனந்தன் தேர்ந்துகொண்ட சாதனைகளைப் பாருங்கள்: உடலும் நேரமும் போதும். எத்தனை மணி நேரம் என்ற கணக்கை எந்த நடுவரும் குறைத்துச் சொல்ல முடியாது. இதை விளம்பர மோகம் என்று ஒதுக்குவது நியாயமன்று.

ஆயினும் இந்த வழிக்கு ஓர் எல்லை இருந்தது. ஆங்கிலக் கால்வாய், அகலத்தில் பாக்கு நீரிணையைவிடப் பெரிதன்று; அதன் குளிர்தான் வேறு. நம் கடலின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். அங்கே கோடையின் உச்சத்திலும் 18 டிகிரியைத் தாண்டுவது அரிது. அந்தக் குளிர், உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், தசைகள் விறைக்கும், அறிவு தடுமாறும். மன உறுதி ஓரளவுக்கே கைகொடுக்கும். குளிர்நீரில் மாதக்கணக்கில் பழகினால்தான் உடல் அதைத் தாங்கும். வெப்பநாட்டவர் அதற்கு அயல்நாட்டில் நெடுநாள் தங்கவேண்டும், செலவு பெரிது. மணிக்கணக்கில் தாங்கும் ஆற்றலை ஊர்க்கடல் இலவசமாகத் தந்தது. குளிரைத் தர அதனால் இயலாது.

1984 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். வயது 41. இலங்கைத் தமிழர்கள் ஜூலைக் கலவரத்தின் துயரிலிருந்து மீளாத காலம் அது. பல ஆண்டுகளுக்குப் பின் வல்வெட்டித்துறையில் அவர் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் கட்டப்பட்டது.