காத்தம நாச்சியார்

சேதுபதிகள் ஆண்ட இராமநாதபுரச் சீமையினின்று பிரிந்து அமைந்தது சிவகங்கைச் சீமை. சேதுபதியின் மகளாய்ப் பிறந்து, சிவகங்கையில் வாழ்க்கைப்பட்டு, கணவரை இழந்தபின் 1780-இல் வாளேந்தி நாட்டை மீட்ட வேலு நாச்சியாரை யாவரும் அறிவர். பின்னாளில் அச்சீமையை வழக்காடி மீட்டவர் காத்தம நாச்சியார். சட்டம் பயில்வோர் நாடெங்கும் அறிந்த பெயர் அது.

இவர் தந்தையார் கௌரி வல்லபத் தேவர். மருது சகோதரரோடு போர் தொடுத்த கும்பெனியார், 1801-இல் அவரைச் சிவகங்கையின் ஜமீன்தார் ஆக்கினர். 1829-இல் அவர் ஆண்மகவின்றி இறந்தார். மனைவியரும் பெண்மக்களும் இருக்கவும், அவருடைய உடன்பிறந்தார் மைந்தர் ஜமீனைக் கைக்கொண்டார்.

மாணவியர் ஈண்டு ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்று உளது. முன்னோர் வைத்துச் சென்ற நிலம் பிதிரார்ஜிதம். ஒருவர் தாமே பெற்ற நிலம் சுயார்ஜிதம். பிரியாத குடும்பத்தின் பிதிரார்ஜிதம், அக்காலச் சட்டப்படி, ஆண் பங்காளிகளையே சேரும். சுயார்ஜிதமோ, ஆண்மகவு இல்லாதவிடத்து, மனைவிக்கும் அவருக்குப் பின் மகளுக்கும் உரியது. குடும்பம் பிரியாதிருந்தமையால் ஜமீன் தமக்கே உரியது என்றனர் பங்காளிகள். கும்பெனியார் கௌரி வல்லபருக்குப் புதிதாக அளித்தமையால் அது சுயார்ஜிதமே என்பது பெண்டிர் தரப்பு. ஒரு சொல்லின் பொருளில் ஒரு சீமையே தங்கியிருந்தது!

தேவரின் மனைவியருள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் பல்லாண்டு வழக்காடித் தீர்வு காணாமலே மறைந்தார். வழக்கைக் காத்தம நாச்சியார் மேற்கொண்டார். இந்நாட்டு நீதிமன்றங்களில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. பிறராயின் அவ்வளவில் ஓய்ந்திருப்பர். இவரோ இலண்டன் மாநகரத்துப் பிரிவி கவுன்சிலுக்கு முறையிட்டார். குடும்பம் பிரியாதிருப்பினும் சுயார்ஜிதம் மகளைச் சேரும் என்று 1863-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. தந்தை இறந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

எனினும், வென்ற நிலம் வாழ்நாள் அளவிற்கே அவருடையது. அதனைத் தம் விருப்பப்படி பிறர்க்கு எழுதிவைக்கும் உரிமை அக்காலப் பெண்டிர்க்கு இல்லை. 1877-இல் நாச்சியார் இறந்ததும், ஜமீன் அவர் தந்தையாரின் அடுத்த வாரிசைத் தேடிச் சென்றது. மீண்டும் வழக்குகள் எழுந்தன. பெண் தான் பெற்ற சொத்தை முழுவுரிமையோடு ஆளலாம் என்னும் சட்டம் 1956-இல் வந்தது. பிதிரார்ஜிதத்திலும் மகளுக்கு மகனோடு ஒத்த பங்கினைத் தமிழ்நாடு 1989-இலும், இந்திய நாடு முழுமையும் 2005-இலும் வழங்கின.