ஏழையர் நாடி அறிந்த ஹகீம் அஜ்மல்கான்

டில்லி மாநகரின் பழைய பகுதியில், பல்லிமாரான் என்னும் தெருவில், ஷரீப் மன்ஸில் என்றொரு மாளிகை உண்டு. மொகலாய மன்னர் இரண்டாம் ஷா ஆலமுக்கு மருத்துவராய் விளங்கிய ஹகீம் ஷரீப்கானின் பெயரைத் தாங்கியது அது. பாபருடன் இந்நாட்டிற்கு வந்தவர்கள் தம் முன்னோர் என்பது அக்குடும்பத்தாரின் வழிவழிச் செய்தி. தலைமுறை தலைமுறையாக யூனானி வைத்தியமே அவர்களது கல்வி, அதுவே அவர்களது செல்வம்.

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டபோது டில்லி முஸ்லிம்கள் வீடு வாசல் இழந்து ஊரைவிட்டே விரட்டப்பட்டனர். அந்நாளில் ஹகீம்களின் தெரு மட்டும் சூறையாடப்படாமல் தப்பியது. பாட்டியாலா மன்னர் அத்தெருவுக்குத் தம் படைவீரரைக் காவல் வைத்திருந்தார். அம்மன்னர் குடும்பத்திற்கு வைத்தியம் செய்தவர்கள் ஷரீப் மன்ஸிலார் என்பதே காரணம். புகழ்பெற்ற உருதுக் கவிஞர் காலிப் உயிர் பிழைத்ததும் அத்தெருவில் குடியிருந்தமையால்தான். மருத்துவர் ஒருவரின் கைப்புண்ணியம் ஒரு தெருவையே காத்தது என்று சொன்னால் மிகையாகாது. அதற்குப் பதினோராண்டுகள் கழித்து, 1868ஆம் ஆண்டில், அம்மாளிகையில் ஹகீம் மஹ்மூத்கானின் புதல்வராய்ப் பிறந்தவரே ஹகீம் அஜ்மல்கான் அவர்கள்.

இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாபிழ் ஆனார்கள். அரபு, பார்ஸி, தர்க்கம், தத்துவம் ஆகியவற்றைக் கற்றுத் தேர்ந்தபின் தந்தையாரிடமும் தமையன்மாரிடமும் வைத்தியம் பயின்றார்கள். 1892இல் ராம்பூர் நவாபின் அரண்மனை மருத்துவராகும்படி அழைப்பு வந்தது. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அங்கே இருந்தார்கள். ராம்பூரின் பெயர்பெற்ற நூல்நிலையத்தில் அன்னார் செலவிட்ட நேரம் கொஞ்சமன்று. அரண்மனை வாழ்வு தந்த ஓய்வை இவ்வாறு பயன்படுத்தியோர் சிலரே.

ஷரீப் மன்ஸிலில் நாடி பார்க்கக் கட்டணம் வாங்குவதில்லை. மன்னராயினும் மண் சுமப்பவராயினும் டில்லிக்கு வந்து அவ்வாசலில் அமர்ந்தால் இலவசமாகவே வைத்தியம். ஆனால் சமஸ்தானாதிபதி ஒருவர் ஹகீம் சாஹிபைத் தம் ஊருக்கு அழைத்தாலோ, கதை வேறு. நாளொன்றுக்கு 1000 ரூபாய் பெற்றார்கள் என்று அன்னாரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஒரு சிப்பந்தி மாதமெல்லாம் உழைத்தும் சில பத்து ரூபாய்க்கு மேல் காணாத காலம் அது! பேராசை என்று இதனைக் கொள்ளலாகாது. அரண்மனைக் கதவுகளுக்குள் சேர்ந்து கிடந்த பொன்னை, பல்லிமாரான் வாசலில் காத்திருந்த குதிரை வண்டிக்காரருக்கும் தச்சருக்கும் தையற்காரருக்கும் பயன்படச் செய்த வழி அது. செல்வர் செலுத்தினர், வறியோர் சுகம் பெற்றனர்.

எனினும் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. வைத்தியரின் வள்ளன்மையை மட்டும் நம்பி நிற்கும் வைத்தியம் அவ்வைத்தியரின் ஆயுள்வரையே நிற்கும். இவ்வுண்மையை ஹகீம் சாஹிப் ஏட்டில் படித்து அறியவில்லை, தம் வீட்டிலேயே கண்டார்கள். மூத்த தமையனார் ஹகீம் அப்துல் மஜீத்கான் 1880களில் டில்லியில் மத்ரஸா திப்பிய்யா என்னும் மருத்துவப் பள்ளியை நிறுவியிருந்தார்கள். 1901இல் அவர்கள் மறைந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இரண்டாம் தமையனார் ஹகீம் வாஸில்கானும் மறைந்தார்கள். பள்ளியும் மாளிகையும் வாசலில் காத்திருந்த நோயாளரும் இளையவரான அஜ்மல்கான் மீதே பொறுப்பாயினர். அவர்களும் கண் மூடினால் பின்னர் என்ன? மூவரில் இருவரை மண்ணுக்குக் கொடுத்த வீட்டில் இக்கேள்வி எழாமல் இராது.

இன்னொரு குறையும் உண்டு, இதுவே பெரிது. ஹகீம் இலவசமாக நாடி பார்த்து நுஸ்கா எழுதிக் கொடுக்கிறார். நோயாளி அச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தார் எனப்படும் மருந்துச் சரக்குக் கடைக்குப் போகிறார். அங்கே இலவசம் இல்லை. பழுதுற்ற வேரும், பூஞ்சை படிந்த மலரும், ஒன்றுக்கு மற்றொன்றாய்க் கலந்த சரக்கும் தலையில் கட்டப்படுவதும் உண்டு. பணக்காரர் நல்ல கடை தேடி ஆள் அனுப்புவார். கூலிக்காரர் அருகிலுள்ள கடையில் கிடைத்ததை வாங்கிக் காய்ச்சிக் குடித்து, நோயும் தீராமல் காசும் போய், மறுபடி வாசலில் வந்து நிற்பார். ஏழைக் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்துவது வைத்தியரின் கட்டணமன்று, மருந்தின் விலையும் வேலைக்குப் போகாத நாளின் நட்டமுமே. இன்றும் இதில் மாற்றம் மிகுதியில்லை என்பதை மாதாமாதம் மருந்துக் கடையில் பணம் எண்ணும் எந்தக் குடும்பத் தலைவரும் அறிவார்.

ஆகவே ஹகீம் சாஹிப் கைவைத்த இடம் மருந்துக் கடை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஹிந்துஸ்தானி தவாகானா என்னும் மருந்தகத்தை அமைத்தார்கள். யூனானி மருந்துகளும் ஆயுர்வேத மருந்துகளும் ஒரே கூரையின் கீழ், தேர்ந்தோர் மேற்பார்வையில், ஒரே அளவில், ஒரே தரத்தில் செய்யப்பட்டன. கமீரா, மஃஜூன், ஷர்பத், அரக் என்று அதுவரை வீட்டுக்கு வீடு வேறுபட்டவை நிலையான தன்மை பெற்றன. நேர்மையாகச் செய்து நியாயமாக விற்றாலும் வணிகம் இலாபம் தரவே செய்தது. அந்த இலாபம் ஷரீப் மன்ஸிலின் பெட்டிக்குப் போகவில்லை. மருத்துவக் கல்வியின் செலவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மருந்து விற்ற காசில் மருத்துவரை உருவாக்குவது, அம்மருத்துவரால் மீண்டும் ஏழையர்க்குப் பயன் கிடைப்பது என்னும் இச்சுழற்சியே அன்னாரின் தனித்திறம் என்பது நம் கருத்து. அள்ளிக் கொடுத்த வள்ளல்கள் நம் வரலாற்றில் பலர் உளர். கொடை வற்றாதிருக்க ஊற்றுத் தோண்டி வைத்தவர் குறைவு.

பெண்களின் நிலை அந்நாளில் மிக இரங்கத்தக்கதாய் இருந்தது. பர்தாவிலிருந்த மாதர் ஆண் மருத்துவரிடம் நோயை விவரிக்கக் கூசினர். பிரசவமோ முற்றிலும் கல்லாத மருத்துவச்சியர் கையில். ஆங்கில முறைப் பெண் மருத்துவர் மிகச் சிலரே. அவர்களை வீட்டிற்கு அழைக்கும் வசதி கைத்தொழில் குடும்பங்களுக்கு ஏது? 1909இல் ஹகீம் சாஹிப் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். மருத்துவச்சியர்க்கும் அங்கே பயிற்சி தரப்பட்டது. பழமைப் பற்று மிக்க டில்லியில், பெருங்குடியில் பிறந்த ஒருவர் இதற்கு முன்வந்தமை சாதாரணமான செயல் அன்று.

இதற்கிடையே பெரியதோர் இடையூறு தோன்றியது. மருத்துவரைப் பதிவு செய்யும் சட்டம் கொண்டுவரப் பம்பாய் அரசாங்கம் முனைந்தது. மேலை முறையில் பயின்றவருக்கே பதிவு. ஹகீம்களும் வைத்தியர்களும் அரசாங்கத்தின் கண்ணில் மருத்துவரே அல்லர் என்பது அதன் உட்கருத்து. சட்டம் 1912இல் நிறைவேறியது. நம் சென்னை மாகாணத்திலும் 1914இல் அத்தகைய சட்டம் வந்தது. போலி மருத்துவரைத் தடுக்கப் பதிவு வேண்டும் என்பதில் நியாயம் உண்டுதான். ஆயினும், கிராமங்களிலும் சேரிகளிலும் ஆங்கில மருத்துவரே இல்லாத நாட்டில், இருக்கின்ற வைத்தியரையும் மதிப்பிழக்கச் செய்தால் உழைத்துண்ணும் மக்கள் எங்கே போவர்?

இதனை முன்னுணர்ந்தே ஹகீம் சாஹிப் 1910இல் யூனானி ஹகீம்களையும் ஆயுர்வேத வைத்தியர்களையும் அகில இந்திய மாநாடாகக் கூட்டினார்கள். இரு முறையாரும் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய காலம். எதிர்ப்புக் குரல் எழுப்பியதோடு அன்னார் நிற்கவில்லை. நம் முறையிலும் குறைகள் உள, உடற்கூறும் அறுவை மருத்துவமும் நாம் புதிதாய்க் கற்க வேண்டியவை என்று தம் இனத்தாரிடமே எடுத்துரைத்தார்கள். பழைய நூல்களே போதும் என்றிருந்த ஹகீம்கள் இதனை விரும்பவில்லை. 1911இல் ஐரோப்பா சென்று லண்டன், பாரிஸ், பெர்லின் நகரங்களின் மருத்துவமனைகளைப் பார்வையிட்டு வந்தார்கள். லண்டனில் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் முக்தார் அஹ்மத் அன்ஸாரியுடன் அப்போது ஏற்பட்ட நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது.

அதே 1911இல் அன்ஜுமனே திப்பிய்யா என்னும் சங்கம் முறைப்படி பதிவாயிற்று. குடும்பத்தின் பொறுப்பாய் இருந்தது பொதுமக்களின் உடைமையாக மாறிய நேரம் இது. 1915இல் அச்சங்கம் ஆயுர்வேத யூனானித் திப்பிக் கல்லூரியின் அறங்காவலர் குழு என்று பெயர் மாறியது. கரோல் பாக் பகுதியில் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் 1916ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்டினார்.

கட்டடம் எழுந்து முடிவதற்குள் நாட்டின் நிலை தலைகீழாயிற்று. ஜலியன்வாலா பாக் படுகொலையும் கிலாபத் பிரச்சினையும் ஹகீம் சாஹிபின் உள்ளத்தை உலுக்கின. அரசாங்கம் அளித்திருந்த ஹாஸிகுல் முல்க் பட்டத்தையும் பதக்கத்தையும் 1920இல் துறந்தார்கள். மக்கள் மஸீஹுல் முல்க் என்று அழைத்துச் சிறப்பித்தனர். 1921ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் கல்லூரியைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள்! மருத்துவமனைகள் பெருகுவதையே நன்மையெனக் கருதாத காந்தியடிகள் நண்பருக்காக வந்தார்கள். ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த அந்நாளில், அதே விழாவில் ஹார்டிஞ்ச் பிரபுவின் படத்தையும் அவர் துணைவியாரின் படத்தையும் காந்தியடிகளின் கரத்தாலேயே திறந்து வைக்கச் செய்தார்கள். அரசுடன் பகை, உதவி செய்தவரை மறவாமை வேறு. இந்தப் பண்பாட்டை டில்லியின் பழங்குடியினரிடமே காணலாம் போலும்.

அவ்வாண்டு இறுதியில், சி. ஆர். தாஸ் சிறைப்பட்டதால், அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்கள். 1920இல் அலிகரில் தோன்றிய ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் முதல் வேந்தரும் அன்னாரே. பண நெருக்கடியில் அது மூடப்படும் நிலை வந்தபோது 1925இல் டில்லி கரோல் பாகிற்குக் கொண்டுவந்து, செலவின் பெரும்பகுதியைத் தம் கைப்பொருளிலிருந்தே தாங்கினார்கள். சமஸ்தானங்களுக்கு மருத்துவப் பயணம் சென்று ஈட்டியதெல்லாம் இவ்வாறு கரைந்தது. அரசியல், கல்லூரி, ஜாமிஆ என்று மூன்று சுமை. உடல் நலமோ குன்றி வந்தது. கல்லூரி மட்டும் போதுமென்று இருந்திருந்தால் அது இன்னும் வளம் பெற்றிருக்கும் என்று எண்ணுவோர் உளர். அக்காலத்து மனிதருக்கு அவ்வாறு ஒதுங்க இடமிருந்ததாய் நமக்குத் தோன்றவில்லை.

கடைசி ஆண்டுகளில் ஹகீம் சாஹிபின் கவனம் ஆராய்ச்சியில் சென்றது. நம் மூலிகைகளில் என்ன இருக்கிறது என்பதை வேதியியல் முறையில் கண்டறிந்தால் மருந்தின் அளவும் பயனும் தெளிவாகும் என்று கருதினார்கள். ஜெர்மனியில் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீகி என்னும் இளைஞரின் படிப்புக்குப் பொருளுதவி செய்து, திப்பிய்யாக் கல்லூரியில் ஆராய்ச்சி நிலையம் அமைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார்கள். ஆராய்ச்சியின் பலனைக் காண ஆயுள் இடந்தரவில்லை. 1927ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் ராம்பூரில் இறையடி சேர்ந்தார்கள். உடல் டில்லியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. 1931இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து சித்தீகி பிரித்தெடுத்த பொருளுக்குத் தம் புரவலர் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சோதிப்பதற்கு இன்றும் மருத்துவர் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

தாம் மறைந்தபின் என்ன என்ற கேள்விக்குச் சங்கமும் கல்லூரியும் விடையாகும் என்று ஹகீம் சாஹிப் நம்பினார்கள். அந்த விடை எளிதாய் வரவில்லை. அன்னாரின் மறைவுக்குப்பின் அறங்காவலரிடையே பூசல் மூண்டு வழக்குமன்றம் வரை சென்றது. 1947இன் பிரிவினை டில்லி முஸ்லிம்களைச் சிதறடித்தது. 1952இல் டில்லிச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றிக் கல்லூரியை ஒரு புதிய வாரியத்தின் கீழ்க் கொணர்ந்தது. பழைய குழுவினர் அதனை எதிர்த்து வழக்காட, 1961இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. கரோல் பாகில் அக்கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இன்று டில்லி அரசின் பொறுப்பில் நடைபெறுகின்றன. யூனானியும் ஆயுர்வேதமும் ஹகீம் சாஹிப் வகுத்தபடியே ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன.