மஞ்சள் தைலம் தந்த பந்துலு காரு

எங்கள் அல்வாலில் மளிகைக் கடை, மருந்துக் கடை எதில் கேட்டாலும் அமிர்தாஞ்சன் கிடைக்கும். தெலுங்கர்கள் அதைத் தங்கள் ஊர்ச் சரக்கு என்பார்கள். மயிலாப்பூரிலிருந்து இங்கு குடிபெயர்ந்த எனக்கோ அது லஸ் சர்ச் ரோட்டுச் சரக்கு. இரண்டும் சரிதான். அதைக் கண்ட காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு பிறப்பால் ஆந்திரர், வாழ்ந்து மறைந்தது சென்னையில்.

கிருஷ்ணா ஜில்லாவில் எலகுர்ரு என்ற சிற்றூரில் 1867-ல் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். மசூலிப்பட்டணத்திலும் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பட்டம் பெற்றவர்கள் சர்க்கார் உத்தியோகமோ வக்கீல் தொழிலோ தேடிய காலம் அது. இவர் கல்கத்தாவுக்குப் போய் மருந்து வியாபாரம் பழகி, பிறகு பம்பாயில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்த்தார். 1893-ல் அங்கேயே சொந்தமாக அமிர்தாஞ்சன் தயாரிக்கத் தொடங்கினார்.

ஒரு டப்பி பத்தணா. அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. யாருக்கும் தெரியாத தைலத்தைப் பத்தணா கொடுத்து யார் வாங்குவார்கள்? பந்துலு சங்கீதக் கச்சேரிகளுக்குப் போய் இலவசமாக டப்பிகளை விநியோகித்தார். (கச்சேரிக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம் என்று வித்வான்கள் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை!) நெற்றியில் தடவிப் பார்த்தவர்கள் அடுத்த முறை காசு கொடுத்து வாங்கினார்கள்.

வியாபாரம் செழித்தது. அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1907-ல் சூரத் காங்கிரஸுக்குப் போய்வந்தவருக்கு, தெலுங்கர்களுக்குத் தேசிய விஷயங்களைச் சொல்ல நல்ல பத்திரிகை இல்லையே என்ற குறை மனத்தில் தைத்தது. 1908-ல் பம்பாயிலேயே 'ஆந்திர பத்ரிகா' என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். 1914-ல் அது சென்னைக்கு வந்து தினசரியாயிற்று. 1924-ல் 'பாரதி' என்ற இலக்கிய மாத இதழ், அதன் பின் மலிவு விலையில் நூல்கள் தர 'ஆந்திர கிரந்த மாலா'. கொமர்ராஜு லக்ஷ்மண ராவ் காலமாகி நின்றுபோயிருந்த தெலுங்குக் கலைக்களஞ்சிய வேலையையும் இவரே எடுத்துச் செய்தார். இதற்கெல்லாம் கை கொடுத்தது தைல டப்பி. ஊரார் தலைவலிக்குக் கொடுத்த காசு தெலுங்கு எழுத்தாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். சிறையில் பகவத் கீதைக்குத் தெலுங்கில் உரை எழுதினார். ஆந்திர மாகாண காங்கிரஸ் தலைவராகவும் இருந்தார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்பதால் 'விஸ்வதாதா' என்றும் 'தேசோத்தாரக' என்றும் ஜனங்கள் அவரை அழைத்தார்கள். 1936-ல் அமிர்தாஞ்சன் லிமிடெட் கம்பெனியானது.

கடலோர ஆந்திரர்களும் ராயலசீமைக்காரர்களும் தனி மாகாணம் பற்றி உடன்பாடு செய்துகொண்டது 1937 நவம்பரில், சென்னையில் இவருடைய 'ஸ்ரீபாக்' இல்லத்தில். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது கர்நூல் தலைநகரமாகவும் குண்டூர் உயர் நீதிமன்ற ஊராகவும் ஆனதற்கு அந்த ஒப்பந்தமே ஆதாரம். அதைக் காண பந்துலு இல்லை. 1938 ஏப்ரலில் காலமாகிவிட்டார்.

மருமகன் சிவலெங்க சம்பு பிரசாத் தைலத்தையும் பத்திரிகையையும் சேர்த்தே சுமந்தார். பிற்காலத்தில் போட்டி கடுமையாயிற்று. எத்தனையோ புது பாம்கள் வந்தன. 2007-ல் கம்பெனி அமிர்தாஞ்சன் ஹெல்த் கேர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கையில் ஒட்டாமல் தடவ ரோல்-ஆன் வந்தது, பழச்சாறு வந்தது, பெண்களுக்கான நாப்கினும் வந்தது. பழைய மஞ்சள் தைலத்தை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. மூக்குக்குப் பழகிய வாசனையை மாற்றியிருந்தால் என் தலைமுறையே கடையை மாற்றியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மயிலாப்பூரில் அவர் பெயர் கொண்ட பூங்காவில் காலையில் நடக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு அவர் தைலக்காரர் என்று தெரியுமோ! இங்கே ஹைதராபாத்தில் நிலைமை தலைகீழ். தைலம் தெரியும், பத்திரிகை மறந்துபோயிற்று. பந்துலுவைக் கேட்டிருந்தால் எது நிலைக்க வேண்டும் என்பாரோ, எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் தைலம் நூற்று முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 'ஆந்திர பத்ரிகா' 1991-ல் நின்றுவிட்டது.